தழும்பு தெரிகிற கைக்கு எந்த ரவிக்கை? மறைப்பது, பூசுவது, சிகிச்சை, அப்படியே விடுவது

கல்யாணப் பத்திரிகை வந்ததும் மற்றவர்களுக்குப் புடவை யோசனை. கையிலோ கழுத்திலோ தழும்பு உள்ளவர்களுக்கு ரவிக்கை யோசனை. கை எவ்வளவு நீளம் வைப்பது, கழுத்தை எவ்வளவு ஏற்றுவது, மேக்கப் போட்டுச் சமாளிக்கலாமா, அதற்குள் டாக்டரிடம் போனால் ஏதாவது குறையுமா, இல்லை யார் என்ன சொன்னால் என்ன என்று விட்டுவிடலாமா என்று மண்டைக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கும். எனக்கு வலது கையில் எண்ணெய் கொட்டிய தழும்பு. மேல்கையில் தடிப்பு, முன்கையில் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல். பச்சை குத்துவதைத் தவிர மற்ற எல்லா வழியிலும் கொஞ்ச காலம் இருந்து பார்த்திருக்கிறேன்.

எது பார்க்க நன்றாக இருக்கும் என்பதை வைத்து இங்கே ஒப்பிடப்போவதில்லை. அது ஆளுக்கு ஆள், மாமியாருக்கு மாமியார் மாறும். ஒவ்வொரு வழியும் நம்மிடம் ஒரு வேலை வாங்கும். கடைக்காரரோ விளம்பரமோ அதைச் சொல்வதில்லை. துணியால் மூடினால் வியர்வை, அரிப்பு. பூசினால் நேரம், கறை. சிகிச்சை என்றால் மாதக்கணக்கில் அலைச்சல். திறந்து விட்டால் போகிற இடமெல்லாம் பதில் சொல்லும் வேலை. இவற்றில் எந்த வேலை நமக்குத் தாங்கும் என்று பார்த்தால் முடிவு சுலபமாகிறது.

அதற்கு முன்னால் தழும்பின் வயது

காயம் ஆறி மூடிய பிறகும் தழும்பு சும்மா இருப்பதில்லை. சிவந்து, தடித்து, அரித்து, பிறகு மெல்ல அடங்கித் தட்டையாக ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். தீக்காயம் என்றால் 2 வருடம்கூட ஆகலாம். முதல் சில மாதங்களில் கண்ணாடியில் தெரிவது தழும்பின் மிக மோசமான தோற்றம். அதைப் பார்த்துவிட்டு அரைக்கை ரவிக்கைகளையெல்லாம் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

புதுத் தழும்பில் வெயில் பட்டால் கருக்கும். நம் ஊர் நிறத்துக்கு அந்தக் கருப்பு லேசில் போகாது. அதனால் முதல் வருடம் வெளியே போகும்போது மூடிக்கொண்டு போவதே சரி. அது வெயிலுக்காகச் செய்கிற காரியம், வெட்கத்துக்காக இல்லை. மூட முடியாத இடத்துக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தடித்த தழும்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று காயம் பட்ட எல்லைக்குள்ளேயே தடிக்கும், காலப்போக்கில் ஓரளவு தானே அடங்கும். மற்றொன்று கெலாய்ட். அது எல்லை தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள்ளும் வளரும். காது மடல், நெஞ்சு நடு, தோள், தாடை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். காதில் இரண்டாவது துளை போட்டு அது பட்டாணி அளவுக்கு வளர்ந்து நின்றவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. கறுத்த தோலுக்கு இது அதிகம் வரும். கெலாய்ட் வரும் உடம்பு என்றால் கீழே சொல்லும் வழிகளில் சில உங்களுக்குக் கிடையாது. பச்சை, புதுத் துளை, 'வெட்டி எறிந்துவிட்டால் போச்சு' என்ற யோசனை, மூன்றையும் மறந்துவிடுங்கள். வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வளர்கிறது, சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக.

துணியால் மூடுவது

பெரும்பாலானவர்கள் முதலில் போகும் வழி இது. செலவு குறைவு, யாரையும் கேட்க வேண்டாம். முழுக்கை, முக்கால் கை, எல்போ கை எல்லாமே இப்போது ஃபேஷனில் இருப்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் முழுக்கை தைத்துப் போட்டவுடன் பிரச்சனை தீர்ந்தது என்று நினைத்தால், பந்தலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அது தப்பு என்று தெரிந்துவிடும்.

மெல்லியதாகச் சீவி ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி இருக்காது, எண்ணெய்ச் சுரப்பியும் இருக்காது. அந்த இடம் வியர்க்காது. ஆனால் சூடு ஏறும், வறண்டு அரிக்கும். சென்னை மே மாதத்தில் பாலியஸ்டர் கலந்த முழுக்கை ரவிக்கையை அதன்மேல் போடுவது தண்டனை. வெளித்துணி பட்டோ ஜார்ஜெட்டோ எதுவாகவும் இருக்கட்டும், கைக்குள் தோலைத் தொடுகிற லைனிங் மல் காட்டனாக இருக்க வேண்டும். பல கடைகளில் உடம்புக்குக் காட்டன் லைனிங் வைத்துவிட்டு, கைக்கு லைனிங்கே இல்லாமல் தைப்பார்கள், அல்லது வழவழவென்று ஒரு செயற்கைத் துணியை வைத்துவிடுவார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் அளவு. முழுக்கை என்றாலே கையோடு ஒட்டிப் பிடிப்பது மாதிரி தைப்பதுதான் வழக்கம். "லூசா வச்சா நல்லாருக்காதுக்கா" என்று எல்லா டெய்லரும் சொல்வார்கள். கையை நீட்டி வைத்துத்தான் அளவும் எடுப்பார்கள். தழும்பு உள்ள கை மடங்கும்போதுதான் தோல் இழுக்கும், துணியும் சேர்ந்து இழுக்கும். அதனால் முழங்கையை நன்றாக மடக்கி வைத்து அந்தச் சுற்றளவை எடுக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு அரை இன்ச் தளர்வு. கைக்கு உள்பக்கமாக ஓடும் தையல் தழும்பின் மேல் வருகிறது என்றால், அதைப் பின்பக்கம் தள்ளி வைக்க முடியும். நல்ல டெய்லருக்கு இது பெரிய வேலையே இல்லை. யாரும் கேட்காததால் செய்வதில்லை. ஆரி வேலை செய்த கை என்றால் வேலை முடிந்த பிறகு உள்ளே மல் துணி கொடுத்து மூடியே ஆக வேண்டும். ஆரியின் வெளிப்பக்கம் மயில், உள்பக்கம் முள். முடிச்சும் ஜரிகை நுனியும் தடித்த தழும்பில் உரசினால் முகூர்த்தம் முடிவதற்குள் சொறிந்து புண்ணாகிவிடும்.

நெட் கை பற்றிக் கேட்பவர்கள் நிறைய. என் அபிப்பிராயத்தில் அது இரண்டும் கெட்டான். தழும்பு தெரியவும் தெரியும், அரிக்கவும் அரிக்கும்.

இன்னொரு கூட்டம் ரவிக்கையை விட்டுவிட்டு முந்தானையை நம்பும். முந்தானையை வலது தோள் வழியே இழுத்துப் போர்த்திக்கொண்டால் கை மறையும், உண்மைதான். ஆனால் அன்று முழுக்க ஒரு கை முந்தானைக் காவலுக்குப் போய்விடும். பந்தியில் உட்கார்ந்தால் வலது கை இலையில், இடது கை முந்தானையில். தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். ஆசீர்வாதத்துக்கு அட்சதை போடும்போது எப்படியும் நழுவும். இதற்குப் பதில் எல்போ கை ரவிக்கை ஆயிரம் மடங்கு தேவலாம்.

கழுத்துத் தழும்புக்குக் காலர் நெக், ஹை நெக் என்று தைப்பவர்கள் காலருக்குள் வைக்கும் விறைப்பான கான்வாஸைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் ஓரம் போய் உரசும் இடம் சரியாகத் தழும்பாகத்தான் இருக்கும். விறைப்பில்லாத போட் நெக் நல்லது. கனமான அட்டிகைக்கும் இதே சங்கடம் உண்டு. நீளமான ஆரம் தழும்பைத் தாண்டிக் கீழே தொங்குவதால் உறுத்தாது.

உடைத் துறை எல்லோரையும் அரவணைக்க வேண்டும் என்று பேசும்போது பலரும் விளம்பரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அக்குளில் தீக்காயம் பட்டுத் தோல் இறுகிப்போனவர்களுக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வழியாகப் போடுகிற குர்த்தி அவர்களுக்கு உதவாது. முன்பக்கம் கொக்கி வைத்த நம் பழைய ரவிக்கை உதவும். முழுதாகத் திறக்கிற முன்பட்டன் குர்த்தி உதவும். ரெடிமேட் கடையில் போய் அப்படி ஒன்று கேட்டுப் பாருங்கள், நைட்டிப் பிரிவுக்கு அனுப்புவார்கள்! மாடலாக ஒருவரை நிறுத்துவதைவிடக் கைவெட்டை ஒரு இன்ச் தாராளமாக விடுவது பெரிய அரவணைப்பு என்பேன்.

ஆண்களுக்கு இதெல்லாம் கிடையாது, முழுக்கைச் சட்டை போட்டால் முடிந்தது என்று நினைப்போம். திருச்செந்தூரிலும் கேரளத்துக் கோயில்கள் பலவற்றிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். பைபாஸ் செய்த நெஞ்சோடு, அதிலும் நடு நெஞ்சில் தையல் கெலாய்டாகத் தடித்து நிற்க, வரிசையில் நிற்பவர்களைக் கேளுங்கள். அகலமான துண்டு ஒன்றைத் தோள்கள் இரண்டையும் சுற்றிப் போட்டுக்கொள்வதுதான் அவர்களுடைய ஹை நெக்.

பூசி மறைப்பது

அமெரிக்காவில் லிடியா ஓலியரி என்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே முகத்தில் சிவப்பு மச்சம். அதை மறைக்க அவரே 1928இல் ஒரு கிரீம் உருவாக்கினார். கவர்மார்க் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று கிரையோலானின் டெர்மாகலர் போல 'கேமஃப்ளாஜ்' என்ற பெயரில் கிடைப்பவை எல்லாம் அந்த வம்சம். சாதாரண ஃபவுண்டேஷனைவிட நிறப்பொடி மிக அதிகம், தண்ணீருக்குச் சீக்கிரம் கரையாது. பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் பல வருடங்களாக இதைச் சேவையாகவே நடத்தி, 2011இல் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து நம் தோல் நிறத்துக்குக் கலந்து காட்டி, நாமே போட்டுக்கொள்ளக் கற்றுக் கொடுப்பார்கள். நம் பக்கம் அந்த வேலை பெரும்பாலும் பிரைடல் மேக்கப் கலைஞர்கள் தலையில் விழுகிறது. அவர்களில் தழும்பில் கை வைத்துப் பழகியவர் யார் என்று ட்ரயல் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலை இப்படி. சிவந்த தழும்புக்கு அடியில் பச்சைச் சாயல் கரெக்டர். கறுத்த தழும்புக்கு ஆரஞ்சுச் சாயல். அதன்மேல் நம் நிறத்துக்கு இரண்டு ஷேடைக் கலந்து, தேய்க்காமல் விரல் நுனியால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். மேலே பவுடரைக் கொட்டிச் சில நிமிடம் விட்டு, மிச்சத்தைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். நன்றாகச் செய்தால் நிறம் அப்படியே ஒன்றிப்போகும்.

ஆனால் நிறத்தைத்தான் அது மறைக்கும், மேடு பள்ளத்தை மறைக்காது. தடித்த தழும்பின் மேல் பக்கவாட்டில் விளக்கு விழுந்தால் நிழல் விழும்; வீடியோக்காரர் விளக்கு எப்போதும் பக்கவாட்டில்தான் இருக்கும். தட்டையாகி, நிறம் மட்டும் மாறியிருக்கிற சிறு தழும்பு முகத்திலோ கழுத்திலோ இருந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. முழுக் கைக்கும் பூசுவது வீண் வேலை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் புடவையில் அப்பும், குழந்தையைத் தூக்கினால் அதன் சட்டையில் அப்பும். பட்டில் ஏறிய கறைக்கு ட்ரை க்ளீனிங் செலவு தனி. இரவு வந்து எண்ணெய் சார்ந்த க்ளென்சரால் மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். களைப்பில் அழுத்தித் தேய்த்தால் மறுநாள் தழும்பு சிவந்து கிடக்கும்.

வாங்குவதற்கு முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஆறாத புண்ணின் மேல் எதுவும் வேண்டாம். மருதாணி வைத்துத் தழும்பை மறைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அரைத்த மருதாணியால் ஆபத்தில்லை. 'பிளாக் மெஹந்தி' என்று சீக்கிரம் கறுப்பதற்காக முடிச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தைக் கலந்து விற்பதுதான் விஷம். அது கொப்புளித்து, கோலம் போட்ட வடிவத்திலேயே புதுத் தழும்பு விழுந்தவர்கள் உண்டு.

சிகிச்சை

தழும்பை எந்த டாக்டராலும் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. தட்டையாக்கலாம், மிருதுவாக்கலாம், சிவப்பைக் குறைக்கலாம், இழுப்பை விடுவிக்கலாம். இதை ஏற்றுக்கொண்டு உள்ளே போனால் ஏமாற்றம் இல்லை.

எளிதானது சிலிக்கான் ஜெல் ஷீட். தழும்பின் மேல் ஒட்டி ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதமாவது வைத்திருக்க வேண்டும். கழுவித் திரும்ப ஒட்டலாம். வியர்க்கும் ஊரில் அடியில் வேர்க்குரு வரும், அதுதான் தொல்லை. பெரிய தீக்காயத்துக்குப் பிரஷர் கார்மெண்ட் என்று இறுக்கமான உறை கொடுப்பார்கள். குளிக்கும் நேரம் தவிர நாளெல்லாம், ஒரு வருடமாவது போட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை எலாஸ்டிக் தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும். தினமும் வேலை வாங்குவதில் இதற்குத்தான் முதலிடம். ஆனால் காயம் புதிதாக இருக்கும்போதுதான் இது பலன் தரும், பிறகு வருந்திப் பயனில்லை.

கெலாய்டுக்கு ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே போடுவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை. வலிக்கும், அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றிலும் தோல் மெலிந்து வெளுப்பதும் உண்டு. காது மடலில் என்றால் அழுத்திப் பிடிக்கும் கிளிப் மாதிரியான தோடும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். லேசர் பற்றி விளம்பரங்கள் அதிகம். நம் நிறத் தோலில் லேசருக்குப் பிறகு கருமை விழும் அபாயம் வெள்ளைத் தோலைவிட அதிகம். அதனால் எந்த இயந்திரம் என்பதைவிட, நம்மைப் போன்ற நிறத்தில் எத்தனை தழும்புக்குச் செய்திருக்கிறார், முன்பு பின்பு படம் இருக்கிறதா என்று கேட்பது முக்கியம்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுகிற வழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெரிய பலன் இல்லை, சிலருக்கு ஒவ்வாமைதான் மிச்சம். வறட்சிக்குச் சாதாரண மாய்ஸ்சரைசரோ வாசலினோ போட்டு நன்றாக அழுத்தி நீவி விடுவது அரிப்புக்கும் இறுக்கத்துக்கும் உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பீடே தேவையில்லை. மூட்டில் தோல் இறுகி, கழுத்தைத் திருப்பவோ கையை நீட்டவோ முடியவில்லை என்றால் அது அலங்காரப் பிரச்சனை இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. தீக்காயம் என்றாலே சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை என்று ஆட்டோக்காரருக்கே தெரியும். 'அழகுக்காகவா ஆபரேஷன்?' என்று வீட்டில் இழுப்பவர்களிடம் கையைத் தூக்கி இவ்வளவுதான் வருகிறது என்று காட்டினால் போதும்.

பச்சை குத்துவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தழும்பு முழுதாக முதிர்ந்திருக்க வேண்டும். கெலாய்ட் உடம்பாக இருக்கக் கூடாது. தழும்புத் தோலில் மை சீராக நிற்காமல் பரவும், வலி கூடுதலாக இருக்கும். தோல் நிறத்திலேயே மை ஏற்றி மறைக்கும் மருத்துவப் பச்சையும் உண்டு. வெயிலில் சுற்றுத்தோல் கறுக்கும், மை கறுக்காது. அப்போது இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தழும்பை ஒரு படத்துக்குள் இழுத்துக்கொள்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள், அழகாகவும் இருக்கிறது. ஆனால் தழும்பைப் பற்றிக் கேட்கிற அத்தை பச்சையைப் பற்றி இரண்டு மடங்கு கேட்பாள்.

அப்படியே விடுவது

சென்னையில் பிறந்த பத்மா லட்சுமிக்கு 14 வயதில், 1984இல், கலிஃபோர்னியாவில் கார் விபத்து. வலது மேல்கையில் 7 அங்குலத் தழும்பு. மாடலிங்குக்குப் போனபோது ஆரம்பத்தில் மேக்கப்பால் மறைத்தார். புகைப்படக் கலைஞர் ஹெல்முட் நியூட்டன் அந்தத் தழும்பை விரும்பியே அவரைப் படம் எடுத்தார். பிறகு அதுவே அவருடைய அடையாளமானது. பிரிட்டிஷ் அரச குடும்பத்து யூஜினி 2018 அக்டோபரில் தன் கல்யாண கவுனின் முதுகை வேண்டுமென்றே இறக்கித் தைக்கச் சொன்னார். 12 வயதில் முதுகெலும்பு வளைவுக்காகச் செய்த ஆபரேஷன் தழும்பு தெரிய வேண்டும் என்பதற்காக. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த ரேஷ்மா குரேஷி 2016 செப்டம்பரில் நியூயார்க் ஃபேஷன் வீக் மேடையில் நடந்தார்.

இவர்களைப் பார்த்து மகிழலாம். ஆனால் மூவரும் ஒரே ரகம் இல்லை. ஆபரேஷன் தழும்பைப் பார்த்தால் 'பாவம், பிழைத்து வந்தாளே' என்பார்கள். நம் ஊரில் பெண்ணின் உடம்பில் தீக்காயத்தைப் பார்த்தால் கேள்வியே வேறு. ஸ்டவ் வெடித்தது என்று சொன்னாலும், எண்ணெய் கொட்டியது என்று சொன்னாலும், கேட்பவர் கண் 'புருஷன் வீட்டில் ஏதாவது பிரச்சனையா' என்று தேடும். மார்பில் வாங்கிய விழுப்புண்ணைப் பாடி வைத்த இதே தமிழ்நாட்டில், அடுப்படியில் வாங்கிய புண்ணுக்கு மட்டும் சாட்சி கேட்பார்கள். திறந்து விடுவதன் உண்மையான வேலை இதுதான், சுமப்பது அந்தச் சந்தேகத்தை. அதைத் தாங்க மனசில்லாத நாளில் முழுக்கை போட்டுக்கொண்டு போவதில் கோழைத்தனம் எதுவுமில்லை. 'உன் தழும்பை நேசி' என்று மேடையில் சொல்பவர்கள் பந்தியில் நம் பக்கத்து இலையில் உட்காரப் போவதில்லை.

சரி, திறந்து விடுகிறோம் என்றால் பதிலை வாய்க்குள் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. "என்னம்மா இது?" என்றால் "எண்ணெய் கொட்டிடுச்சு அத்தை, இப்ப ஒண்ணுமில்ல. நீங்க எப்ப வந்தீங்க?" கடைசிக் கேள்விதான் முக்கியம். கேட்டவர் தன் பயணக் கதையை ஆரம்பித்துவிடுவார். குழந்தைகள் கேட்டால் முழுதாகச் சொல்லிவிடலாம். தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடும், அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை. அதே மண்டபத்தில் ஸ்லீவ்லெஸ் போட்டு வந்த அத்தனை பேருடைய இடது மேல்கையிலும் பெரும்பாலும் ஒரு வட்டத் தழும்பு இருக்கும், காசநோய் வராமல் இருக்கக் குழந்தையில் பிசிஜி ஊசி போட்டது. அந்தத் தடுப்பூசி தயாரிக்க 1948லேயே கிண்டியில் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். அந்தத் தழும்பை மறைக்க ரவிக்கைக் கையை நீளமாகத் தைக்கச் சொல்வதில்லை யாரும். எல்லோருக்கும் இருப்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

வரன் பார்க்கும் நேரம்

மேலே சொன்னவை எல்லாம் விசேஷ வீட்டுக்கு. வரன் பார்க்கும்போது கணக்கு மாறும். ஃபோட்டோவில் மேக்கப்பாலோ எடிட்டிங்காலோ தழும்பை அழித்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அனுப்புபவர்கள் பெரும்பாலும் பெற்றோர். 'முதல்ல பார்க்க வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்' என்பார்கள். இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழுக்கை போட்டு எடுத்த ஃபோட்டோ தவறில்லை. ஆனால் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும். காரணமும் சேர்த்து, இரண்டு வரியில். அதைக் கேட்டு வராமல் போகிறவர்கள் காபிச் செலவை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்கள். பிறகு தெரிந்தால் தழும்பைவிட மறைத்ததுதான் பேச்சாகும், அந்தப் பேச்சு வருடக்கணக்கில் ஓடும். மாப்பிள்ளைக்கும் இதே விதிதான். ஆண் பிள்ளைக்குத் தழும்பு ஒரு விஷயமா என்று அந்தப் பக்கத்தில் சொல்வதே இல்லை.

யாருக்கு எது

தழும்பு ஒரு வருடத்துக்குள் உள்ளதா? துணியும் சிலிக்கான் ஷீட்டும், பெரிய தீக்காயம் என்றால் பிரஷர் கார்மெண்டும் போதும், மற்றவை காத்திருக்கட்டும். அரிப்போ வலியோ இழுப்போ இருக்கிறதா? ரவிக்கைக் காசை எடுத்து வைத்துவிட்டு முதலில் டாக்டர். முகத்திலோ கழுத்திலோ தட்டையான சிறு தழும்பு, கேமரா முன்னால் நிற்கப்போவது ஒரு நாள் என்றால் மேக்கப். விசேஷத்துக்கு முன்னால் ஒருமுறை ட்ரயல் போட்டு, அன்று முழுக்க வியர்வையில் சுற்றிவிட்டு வந்து பாருங்கள். பெரிய கைத் தழும்பு, வெயில் காலம், நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றால் மல் லைனிங் வைத்த தளர்வான எல்போ கை. தெரிகிற மிச்சத் தழும்பு தெரிந்துவிட்டுப் போகட்டும். அலுவலகத்துக்குத் தினமும் பூசிக்கொண்டு போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். தினம் பார்க்கிறவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். காலையில் பூசும் வேலை மட்டும் வருடம் முழுக்க நிற்கும்.

நான் இப்போது சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எல்போ கை, அலுவலகத்துக்கு அரைக்கைக் குர்த்தி, துஷ்டி (சாவு) வீட்டுக்கு முழுக்கை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். துஷ்டி வீட்டில் பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம், கேள்வியும் அதிகம்.

உங்கள் சொந்தக் கல்யாணம் என்றால் ஃபோட்டோகிராஃபரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே பேசிவிடுங்கள். ஆல்பத்துக்குப் போகும் படங்களில் முகத்தையும் கையையும் வழவழப்பாக்குவது அவர்களுக்கு வழக்கமான வேலை, யாரையும் கேட்பதில்லை. தழும்பை எடுக்க வேண்டுமா, விட வேண்டுமா என்று நீங்கள் சொன்னால் சொன்னபடி செய்வார்கள். சொல்லாவிட்டால் பாதிப் படத்தில் தழும்போடும் பாதிப் படத்தில் இல்லாமலும் இருப்பீர்கள். ஆல்பம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் செலக்‌ஷனுக்கு அனுப்பும் படங்களில், கை தெரிகிற பக்கங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.